வாசுகி கடையில் நான் எண்ணாத படிகள்

இருபத்தொன்பது வயதில் ரிட்டயர்டு ஆனவள் என்று தோழிகள் என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். ஏழு வருடம் ஒரே வேலையைச் செய்து, அதை முழுசாக முடித்துவிட்டு வெளியே வந்தவளுக்கு அந்தப் பட்டம் பொருந்தும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஒரு கடையோ கம்பெனியோ வங்கியில் நடப்புக் கணக்கு கேட்டு விண்ணப்பித்தால், அந்தக் கடை அந்த இடத்தில் உண்மையாகவே இருக்கிறதா, அதில் சொல்லியிருக்கிற ஆள்தான் அதை நடத்துகிறாரா என்று யாராவது நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். வங்கிக்காரர்கள் போக மாட்டார்கள். எங்களைப் போன்ற ஏஜென்சிக்கு அனுப்புவார்கள். ஏஜென்சி என்னை அனுப்பும். கடலூரிலிருந்து சிதம்பரம் வரை, அந்தப் பக்கம் ஸ்ரீமுஷ்ணம் வரை, என் ஸ்கூட்டி போகாத தெரு குறைவு. இல்லாத தெருக்களுக்கும் போயிருக்கிறேன்.

இப்போது அந்த வேலை மேசைக்கு வந்துவிட்டது. கடைக்காரருக்கு வீடியோ கால் போட்டு, "போர்டைக் காட்டுங்க, உள்ள திருப்புங்க, முகத்தைக் காட்டுங்க" என்று முடித்துவிடுகிறார்கள். போன வாரம் பழைய ஆபீஸ் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கேட்டிருந்தாள்: "அக்கா, அப்ப நேர்ல போயி அப்படி என்னதான் பாப்பீங்க?" ஒரு வரியில் பதில் போட ஆரம்பித்தேன். வரவில்லை. அதனால் இது.

பயிற்சி இரண்டே நாள். கழுத்தில் ஓர் அட்டை, போனில் ஓர் ஆப். பெயர்ப்பலகை முன்னால் ஒரு படம், உள்ளே ஒரு படம், சந்தித்த ஆளோடு ஒரு படம், அக்கம்பக்கத்தில் இரண்டு பேரிடம் விசாரணை. நான் எம்.காம். முடித்த கையோடு வந்தவள். இரண்டாம் நாள் மத்தியானமே எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

உண்மையான பயிற்சி ஷகிலா மேடம் முன்னால்தான்.

திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். ஷகிலா மேடம் முதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவார். வந்ததும் செருப்பைக் கழற்றி மேசைக்கு அடியில் ஜோடியாக வைப்பார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் போடுவார். ரிப்போர்ட் பார்க்கப் போகிறவர் எதற்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார் என்று முதல் நாள் எனக்குப் புரியவில்லை.

"வாசி," என்றார்.

"மேடம், ஆப்புல ஏத்திட்டேன். நீங்களே பாக்கலாம்."

"வாசி நிவேதா."

வாசித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கைகளை மடியில் கோத்துக்கொண்டார். நான் எழுதியிருந்த முகவரிக்கு அவர் நடந்து போய்க்கொண்டிருந்தார். அப்படித்தான் சொல்ல வேண்டும். முகம் லேசாக இடது பக்கம் திரும்பும், அடுத்த கடையைப் பார்க்கிற மாதிரி. புருவம் சுருங்கும், வெயிலிலிருந்து நிழலுக்கு வந்த மாதிரி. பிறகு நின்றுவிடும்.

"உள்ள போக முடியலியே."

"ஏன் மேடம்?"

"படி எத்தனைன்னு எழுதல. ஏறணுமா, இறங்கணுமா? கதவு மரமா, ஷட்டரா? நான் வெளியவே நின்னுகினு இருக்கேன் பாரு."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு திரும்பவும் அந்தக் கடைக்கு ஸ்கூட்டியை விட்டேன். மூன்று படி. அதில் நடுப்படி உடைந்திருந்தது. வந்து சொன்னதும் மேடத்தின் முகம் மலர்ந்தது. உடைந்த படியைத் தாண்டுகிற மாதிரி கால் கூட லேசாக அசைந்தது.

இப்படி ஒரு முறையை எந்த வங்கியும் கேட்கவில்லை. ஆப்பில் அதற்குக் கட்டம் கிடையாது. ஆனால் இல்லாத கடையை எழுதுகிறவனால் படியை எழுத முடியாது என்பது அவர் கணக்கு. போலி விண்ணப்பங்களில் பெயர் இருக்கும், கதவு எண் இருக்கும், முத்திரை இருக்கும். காலை வைக்கிற இடம் மட்டும் இருக்காது.

அவர் கணக்கு எத்தனையோ முறை பலித்தது. சிப்காட் பக்கம் ஒரு கெமிக்கல் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகச் சொன்னார்கள். பெயரே மூச்சு வாங்கும் நீளம். முகவரிக்குப் போனால் தார்ப்பாய் போட்ட டீக்கடை. பாய்லருக்குப் பின்னால் நின்ற ஆளிடம் விண்ணப்பத்தில் இருந்த பெயரைச் சொன்னேன்.

"நான்தான். என்னா விசயம்?"

"இந்தக் கம்பெனிக்கு நீங்கதான் டைரக்டர்னு இருக்கு."

"நானா?" அவர் டம்ளரை வைத்துவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். "மச்சான், கேட்டியா? நான் டைரக்டராம்."

"அப்ப பாக்கி டீயெல்லாம் கம்பெனி கணக்குல எழுதிக்க," என்றார் பெஞ்சுக்காரர்.

"எந்த ஊருக்கு மேடம் ஏத்துமதி பண்றேன்?"

விண்ணப்பத்தைப் பார்த்துச் சொன்னேன். ஏதோ ஒரு வளைகுடா நாடு.

"விருத்தாசலம் தாண்டினதில்ல மேடம் நானு." பிறகு சிரிப்பு குறைந்து, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "இதுனால போலீஸ் கீலீஸ் வருமா?"

கியாஸ் மானியம் வாங்கித் தருவதாகச் சொன்ன யாரிடமோ ஆதார் நகல் கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான். அவர் பெயர் அவரை விட்டுவிட்டுத் தனியாக ஊர் சுற்றப் போய்விட்டது. அன்று நான் எழுதிய 'இல்லை' என்ற ஒரு வார்த்தையில் அந்தப் பெயர் திரும்பி வந்து பாய்லருக்குப் பின்னால் நின்றது. அந்தச் சந்தோஷத்தை என்ன சொல்ல. கடலூர் வரை பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

அப்போதுதான் இன்னொன்றும் தொடங்கியது. இல்லாத அந்தக் கம்பெனி எனக்குத் தெரிய ஆரம்பித்தது. ஆலப்பாக்கம் தாண்டி, இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு ஒரே மாதிரி வந்துகொண்டே இருக்கிற அந்த ரோட்டில், டீக்கடை டைரக்டரின் அலுவலகம் தோப்புக்குள் நிற்கும். நீலக் கண்ணாடிக் கதவு. வரவேற்பில் பூச்சாடி. சுவரில் கப்பல் படம். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு ரைஸ் மில் தேடிப் போய்க் குளக்கரையில் முடிந்தது. பிறகு அந்த மில்லும் வந்து சேர்ந்தது, தவிட்டு வாசனையோடு. நான் 'இல்லை' என்று எழுதிய கடைகளெல்லாம் அந்த ரோட்டின் ஓரமாக வந்து குடியேறின. போகும்போதும் வரும்போதும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். எந்தக் கடைக்குள்ளும் படி எத்தனை என்று எனக்குச் சொல்லத் தெரிந்தது. அதில் உள்ள ஆபத்து அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஆனித் தேருக்கு வருகிறேன்.

சிதம்பரத்தில் தேர் ஓடுகிற நான்கு வீதிகளிலும் அதற்கு முந்தின நாட்களில் ஒரு வேலை நடக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பெயர்ப்பலகை, தகரச் சாய்ப்பு, பிளாஸ்டிக் பந்தல் எல்லாவற்றையும் கடைக்காரர்களே கழற்றி உள்ளே எடுத்துவிடுவார்கள். குறுக்கே போகிற மின்கம்பிகளை மின்வாரியக்காரர்கள் அவிழ்ப்பார்கள். தேர் கடக்கும் வரை வீதியில் கரண்ட் இருக்காது. பலகை இல்லாத வீதியைப் பார்த்தால் பெயர் மறந்துபோன ஊர் மாதிரி இருக்கும். எந்தக் கடை எது என்று அந்த வீதிக்காரர்களுக்கு மட்டுமே தெரியும். எங்கள் தொழிலில் இருக்கிற யாரும் அந்த வாரம் அந்த வீதிகளுக்குப் போக மாட்டோம். பெயர்ப்பலகையே இல்லாத இடத்தில் எதைப் படம் எடுப்பது?

வேலையில் என் ஏழாவது வருடம், தேர் நாளன்று எனக்குச் சிதம்பரத்தில் நான்கு முகவரிகள் வந்தன. மூன்று அண்ணாமலை நகர்ப் பக்கம். ஒன்று தெற்கு வீதி. 'வாசுகி த்ரெட் ஸ்டோர், தையல் சாமான்கள். உரிமையாளர்: வாசுகி.' இன்றே வேண்டும் என்று குறிப்பு. ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம். எனக்கு எதையும் தள்ளிப் போடப் பிடிக்காது. அதுதான் என் குணம், அப்போது அதை நல்ல குணம் என்று நினைத்திருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் தெற்கு வீதிக்கு வந்தேன். வீதி முழுக்க மாக்கோலம், அதை மிதிக்காமல் நடக்க முடியாத கூட்டம். தேர் கீழ வீதி முனையில் திரும்பிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் முதலில் வந்தது. ஷட்டர் போட்ட ஒரு கடை வாசலில் நீர்மோர்ப் பந்தல். கதவு எண் சரி. மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஆள் என் கழுத்து அட்டையைப் பார்த்தார்.

"பேங்க்லேர்ந்தா மேடம்? உங்களுக்காகத்தான் நிக்கிறேன். வாங்க, மொதல்ல ஒரு மோர் சாப்பிடுங்க."

நாற்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் பேனா. மோரில் கொத்தமல்லியும் இஞ்சியும் மிதந்தன. அவ்வளவு வெயிலில் அது தொண்டையில் இறங்கியபோதே நான் பாதி கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது.

"வாசுகிங்கறது?"

"நம்ம வீட்டுல. கோலம் போட வடக்கு வீதி வரைக்கும் போயிருக்காங்க. சாவி அவுங்ககிட்ட. தேர் போனதும் தொறந்துடுவோம்."

"போர்டு?"

அவர் ஷட்டர் ஓரம் சுவரில் சாத்தியிருந்த பலகையைத் திருப்பினார். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. வாசுகி த்ரெட் ஸ்டோர். நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எடுத்தேன்.

பக்கத்தில் பாத்திரக் கடைக்காரர் எவர்சில்வர் குடங்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். "அண்ணே, இது வாசுகி கடைதானே?" என்று கேட்டேன். "ஆமாம்மா, அவுங்க கடைதான், ரொம்ப வருசமா," என்றார். எதிர்ப்பக்கம் பூக்கட்டுகிற அம்மாவிடமும் கேட்டேன். அதே பதில்.

அப்போது தேர் வந்தது. நான் பார்த்தவற்றில் மிகப் பெரிய அசையும் பொருள் அது. வீதியே உள்ளிருந்து தூக்கி நடத்தப்படுகிற மாதிரி இருந்தது. நிழல் முதலில் என் மேல் விழுந்தது, பிறகு கடைகளின் மேல், பிறகு அந்த ஆளின் மேல். எல்லாரும் கைகூப்பினார்கள். அவரும் பலகையைச் சாத்திவிட்டுக் கைகூப்பினார். நானும்.

தேர் தாண்டியபோது மணி பார்த்தேன். அந்த அம்மா வடக்கு வீதியிலிருந்து வருகிற வரை காத்திருந்தால் மற்ற மூன்றும் கெட்டுவிடும். "உள்ள என்னல்லாம் இருக்கு சார்?" என்று கேட்டேன். "நூலு, பட்டன், லைனிங் துணி," என்றார். எனக்கு அது போதும்.

அன்று மாலையே ஷகிலா மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

வாசித்தேன். "ஷட்டர். ஒரு படி ஏறணும். உள்ளே இடது பக்கம் கண்ணாடி அலமாரி, அதில் நூல்கண்டுகள் நிறவாரியாக. வலது பக்கம் லைனிங் துணி ரோல்கள். நேரே கல்லா மேசை. பக்கத்தில் ஒரு நாற்காலி, உரிமையாளரின் கணவர் அதில் அமர்ந்து பேசினார். மின்தடை காரணமாக உட்புறப் படம் எடுக்க இயலவில்லை. இவர் உரிமையாளரின் கணவர் என்பதை அக்கம்பக்கத்தினர் இருவர் உறுதி செய்தனர்."

மேடத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் படி ஏறினார். இடது பக்கம் திரும்பினார். நூல்கண்டுகளின் நிறங்களைப் பார்த்தார் என்று சத்தியமாகச் சொல்வேன், உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. வலது பக்கம். கல்லா. நாற்காலி.

"உள்ள போனியா?" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"போனேன் மேடம்."

"நல்லா இருக்கு கடை," என்றார். அனுப்பிவிட்டார்.

படத்தோடு போன இடக்குறிப்பும் சரியாகத்தான் இருந்தது. நான் அந்த வாசலில்தான் நின்றேன். போன் பொய் சொல்லவில்லை.

நான்கு மாதம் கழித்து, அந்த ரிப்போர்ட்டை உறுதிப்படுத்தச் சொல்லி வங்கியின் மோசடி விசாரணைப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. வாசுகி த்ரெட் ஸ்டோர் பெயரில் திறந்த கணக்கைக் காட்டி, தையல் மெஷின் தருவதாக ஊர் ஊராகப் பெண்களிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். ஒரு மெஷினும் போகவில்லை. மேடம் கடிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"ஒரு தடவ போய்ட்டு வா."

தெற்கு வீதியில் பலகைகளெல்லாம் திரும்ப மாட்டியிருந்தன. மஞ்சள் பலகைக்குக் கீழே ஷட்டர் பாதி மட்டும் தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே காலை வைத்தேன். தரை இல்லை.

விழ இருந்தவள் ஷட்டரைப் பிடித்துக்கொண்டேன். வருடா வருடம் ரோடு போட்டுப் போட்டு வீதி உயர்ந்திருக்கிறது. கடை கீழேயே நின்றுவிட்டது. உள்ளே இரண்டு படி இறங்க வேண்டும்.

"பாத்து. எல்லாரும் அங்கதான் தடுக்குறாங்க," என்றது ஒரு குரல்.

ஐம்பது வயதுப் பெண்மணி. கையில் கத்தரிக்கோல். கண்ணாடி அலமாரி இல்லை. பழைய அட்டைப் பெட்டிகள் கூரை வரை. ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருக்கிற பட்டன் ஒன்று நூலால் தைக்கப்பட்டிருந்தது. துணி ரோல்கள் மேலே கயிற்றில் தொங்கின. நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்கிற இடம். கல்லா மேசை கிடையாது, ஒரு டப்பா. சுவரில் மாலை போட்ட ஒரு படம். மீசை வைத்த, சிரிக்காத மனிதர். மோர் கொடுத்தவர் இல்லை.

"நீங்க வாசுகியாக்கா?"

"ஆமா. நீயும் மெஷினுக்குப் பணம் கட்டிட்டு வந்திருக்கியா?"

நான் யார் என்று சொன்னேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நீதானா அது." கோபமாகச் சொல்லவில்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த பஸ் வந்த மாதிரி சொன்னார். "திண்டிவனத்துலேர்ந்து ஒரு பொண்ணு கைக்குழந்தையத் தூக்கிகினு வந்துச்சு. இந்தா, இங்கதான் உக்காந்து அழுதுச்சு. ரசீதுல எங்க கட பேரு. அப்புறம் வெளியூரு போலீஸு. நாலு பேரு பாக்க உள்ள வந்து, உங்க வீட்டுக்காரரு எங்கம்மான்னு கேட்டாங்க. அந்தப் போட்டோவக் காட்டுனேன். இவரு செத்துப் பதினொரு வருசம் ஆவுதுன்னேன். 'இல்லியே, ஆனித் தேரு அன்னிக்கு நாற்காலியில உக்காந்து பேசியிருக்காரே, அக்கம்பக்கத்துல சாட்சி இருக்கே'ன்னு ஒரு பேப்பர வாசிக்கிறாங்க."

நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

"என் கணக்க முடக்கிட்டாங்க. அது கூடப் போவுது. வாசுகிக்கு ஒரு ஆளு இருக்கான், ரெண்டு பேரும் சேந்துதான் பண்ணியிருக்காங்கன்னு தெருவுல பேச்சு. அதான் ஷட்டர முழுசாத் தூக்கறதில்ல." அவர் பலகை இருந்த திசையில் கையைக் காட்டினார். "கடைக்கு என் பேர வச்சது அவருதான். வேணான்னு அப்பவே சொன்னேன்."

என் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பலகையை நெஞ்சில் பிடித்த ஆள். வாசுகி உற்றுப் பார்த்தார்.

"இவனா. வியாபாரிங்களுக்குக் கார்டு போட்டுத் தரேன்னு ஆனி பொறக்கறதுக்கு முன்னாடி தெருவுல வந்தான். ஆதாரு, கரண்டு பில்லு எல்லாம் ஜெராக்ஸ் எடுத்துகினு போனான். தேரன்னிக்கு நான் கடையே தொறக்கல, உள்ள எடமில்லாம போர்ட வெளியதான் சாத்தி வச்சிருந்தேன்."

சத்தம் கேட்டுப் பாத்திரக் கடைக்காரர் ஷட்டருக்கு அடியில் குனிந்து பார்த்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இந்தப் பொண்ணுதாங்க்கா அன்னிக்கு வந்தது. ஏம்மா, வாசுகி கடையான்னு கேட்ட, ஆமான்னேன். அந்த ஆளு யாருன்னு கேட்டியா நீ? மோர் ஊத்தறதுக்கு வந்த ஆளுன்னுல்ல நான் நெனச்சுகினு இருந்தேன்."

"கேக்கல அண்ணே," என்றேன்.

"கேட்டுருந்தா சொல்லியிருப்பனே."

சவுக்குத் தோப்பு ரோட்டில் திரும்பினேன். அன்று எந்தக் கடையும் கண்ணில் படவில்லை. ஒன்றே ஒன்று கூடவே வந்தது. ஒரு படி, கண்ணாடி அலமாரி, நாற்காலி. மற்றவர்கள் போட்ட போலிக் கடைகளுக்கு நடுவில் நான் போட்ட ஒன்று.

மேடத்திடம் இரண்டையும் வாசித்துக் காட்டினேன். முதலில் பழையது. அவர் கண்ணை மூடிச் சுலபமாக உள்ளே போய், நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். பிறகு அன்று பார்த்தது. இரண்டு படி இறங்கியதுமே நின்றுவிட்டார்.

"வழியே இல்லியே. பெட்டி இடிக்குது."

"அதுதான் மேடம் நிஜக் கடை."

அவர் கண்ணைத் திறந்தார். வெறுங்கண்ணோடு என்னை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் முகம் அவருக்குச் சரியாகத் தெரிந்திருக்காது.

"மொதக் கடை ரொம்ப நல்லா இருந்துச்சே நிவேதா," என்றார். "எல்லாம் நேரா இருந்துச்சு. அப்பவே எனக்குத் தோணியிருக்கணும்."

சென்னை ஆபீசிலிருந்து போன் வந்தது. பேசியவர் கனிவானவர். 'கடை மூடியிருந்தது, விவரங்கள் அங்கிருந்தவர் தெரிவித்தவை' என்று ஒரு திருத்தக் கடிதம் போதும், உள்ளே போனதாக இருப்பது தட்டச்சுப் பிழை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். அப்படி எழுதினால் என் வேலை தப்பும். ஆனால் அக்கம்பக்கத்தினர் உறுதி செய்தனர் என்ற வரி அப்படியே இருக்கும். வாசுகிக்கு நான் கொடுத்த கணவரும் அப்படியே இருப்பார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் போலீஸ் அவரைக் குற்றவாளியின் கூட்டாளி என்கிறது.

"என்ன மேடம் பண்ணட்டும்?"

"என்னைக் கேக்காத," என்றார் ஷகிலா மேடம். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். "நானும் எழுதணும். கண்ண மூடினது நான்தான்."

மத்தியான வெயிலில், கீழே மருந்துக் கடை வாசலில் ஆட்டோக்கள் கத்திக்கொண்டிருக்க, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து எழுதினோம். ஏழு வருடத்தில் நான் எழுதியதிலேயே சின்ன ரிப்போர்ட். நான் கடைக்குள் போகவில்லை. உள்ளே இருந்ததாக எழுதியவை என் கற்பனை. அந்த ஆள் தன்னைக் கணவர் என்று சொன்னார். அதை நான் யாரிடமும் கேட்கவில்லை. யாரும் உறுதி செய்யவில்லை. அவரைத் தவிர, படத்தில் இருப்பவரை உரிமையாளர் வாசுகியோடு தொடர்புபடுத்திய ஒரே ஆள் நான்.

எழுதும்போது ஒரு கனவிலிருந்து ஒவ்வொரு பொருளாக வெளியே எடுத்து வைக்கிற மாதிரி இருந்தது. அலமாரி. ரோல்கள். மேசை. கடைசியாக நாற்காலி.

கடலூரில் சைபர் குற்றப் பிரிவில் அதையும் அந்தப் படத்தையும் கொடுத்தேன். வாங்கிய பெண் எஸ்.ஐ. முழுவதும் படித்துவிட்டு, "இது உங்களுக்கே எதிரா இருக்கே, தெரியுதா?" என்றார். தெரியும் என்றேன். ஏஜென்சி என்னை விடுவித்தது. மேடத்தை விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். மோர் கொடுத்தவரை, நான் எடுத்த அந்தப் படத்தை வைத்தே வேறொரு ஊரில், வேறொரு கடையின் பலகையோடு பிடித்தார்கள். அந்த ஊரிலும் அப்போது திருவிழா.

வாசுகியின் கணக்கைத் திறந்துவிட்ட செய்தி தெரிந்ததும் ஒரு நாள் சிதம்பரம் போனேன். யாரும் கூப்பிடவில்லை, போகச் சொல்லவும் இல்லை. ஷட்டர் முழுசாகத் தூக்கியிருந்தது. இரண்டு படி. எண்ணி இறங்கினேன்.

வாசுகி அக்கா ஒரு வாடிக்கையாளருக்கு ரவிக்கைத் துணிக்குப் பொருந்துகிற நூல் எடுத்துக்கொண்டிருந்தார். வெளிச்சத்தில் பிடித்து, வேண்டாம் என்று வைத்து, இன்னொன்று எடுத்து. அந்த அம்மா போனதும் என்னைப் பார்த்தார்.

"வேல போயிடுச்சாமே?"

"போயிடுச்சுக்கா."

"ம்." பெட்டியை மேலே செருகினார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீ எழுதுன கடை எப்பிடி இருந்துச்சு? போலீஸு அரகொறையா வாசிச்சாங்க."

சொன்னேன். ஒரு படி ஏறணும். இடது பக்கம் கண்ணாடி அலமாரி, நூலெல்லாம் நிறவாரியாக. வலது பக்கம் துணி. நேரே கல்லா மேசை. சொல்லிக்கொண்டே வரும்போது அவர் கண் பாதி மூடியது. மேடத்தின் முகத்தில் பார்த்த அதே நடை.

"அவரு எங்க உக்காந்திருந்தாரு?"

"யாருக்கா?"

"என் வீட்டுக்காரரு. உன் பேப்பர்ல."

"கல்லாவுக்குப் பக்கத்துல. ஒரு நாற்காலியில."

வாசுகி அக்கா கண்ணைத் திறந்து கடையைச் சுற்றிப் பார்த்தார். பெட்டிகள், கயிறு, ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கிற அந்த இடம். பிறகு சுவரில் இருந்த படத்தை.

"இதுல நாற்காலி போட எங்க எடம் இருக்கு," என்றார். "கட ஆரம்பிச்சதுலேர்ந்து கடைசி நாளு வரைக்கும் மனுசன் நின்னுகினேதான் யாவாரம் பாத்தாரு."

வாசலில் இன்னொரு பெண் வந்து நின்றாள். கையில் பச்சைத் துணி.

"பாத்து எறங்கும்மா," என்றார் வாசுகி, "ரெண்டு படி."